இழைகளை எண்ணாதவர்கள்

மரபு பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் எவரேனும் ஒருவர் ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட கம்பளித் துணியை எடுத்து அவையில் விரித்துவிடுகிறார். "டார்டனே பொய் ஐயா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜவுளி வியாபாரிகளும் நாவலாசிரியர்களும் சேர்ந்து கட்டிவிட்ட கதை. பிறகு எந்த மரபைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று அவர் கேட்டதும் எதிர்வாதம் அடங்கிப்போகிறது. கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளைகளிலும் சிற்றிதழ்க் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளிலும் இந்த ஒற்றை உதாரணத்தைக் கேட்டும் படித்தும் நாம் அலுத்துப்போனோம். சொல்பவர், எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்து 1983இல் வெளிவந்த நூலில் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் எழுதிய கட்டுரையைப் படித்திருப்பார். அல்லது படித்தவர் சொல்லக் கேட்டிருப்பார். பின்னதே அதிகம் என்பது நம் அனுமானம்.

அந்தக் கட்டுரையை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஒவ்வொரு குலத்துக்கும் ஆதிகாலம் தொட்டு ஒரு கட்டம் உண்டு, அதைக் கண்டே போர்க்களத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டனர் என்ற சுற்றுலாக் கடைக் கதையை அது உடைத்தது, உடைக்கவேண்டிய கதைதான். நம் வழக்கு வேறு. பெயர் பொய் என்று நிறுவப்பட்டதைக் கொண்டு துணியும் பொய் என்று முடிவுகட்டுவது எந்தத் தருக்கத்தில் சேரும்? டார்டன் என்றவுடன் துணி, கில்ட் என்னும் உடுப்பு, குலப்பெயர் ஆகிய மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டிவிடுகிறார்கள். மூன்றுக்கும் வயது வேறு. மூன்றையும் உண்டாக்கிய கைகளும் வேறு. கட்டுரையாளர்கள் மூன்றாவதைப் பற்றி மட்டுமே படித்துவிட்டு முதலாவதற்கு இறப்புச் சான்றிதழ் எழுதுகிறார்கள்.

துணியிலிருந்து தொடங்குவோம். டார்டன் அச்சிட்ட கட்டம் அன்று. நூலிலேயே சாயமேற்றி நெய்த கட்டம். பாவில் எந்த நிறம் எத்தனை இழை என்று ஒரு வரிசை உண்டோ, பெரும்பாலும் அதே வரிசை ஊடையிலும் ஓடும். ஊடை இழை இரண்டு பாவிழைகளுக்கு மேலும் அடுத்த இரண்டுக்குக் கீழும் செல்லும். அதற்கடுத்த ஊடை ஓர் இழை தள்ளித் தொடங்கும். துணியைக் கண்ணருகே கொண்டுவந்தால் சாய்ந்த வரிகள் தெரிவது இதனால்தான். பாவும் ஊடையும் ஒரே நிறமாகச் சந்திக்கும் இடத்தில் அந்நிறம் முழுமையாக நிற்கும். வேறு வேறு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் பாதிப்பாதியாகக் கலந்து, சாயத்தொட்டியில் இல்லாத ஒரு நிறத்தைக் கண்ணுக்குக் காட்டும். இரண்டு நிற நூலில் நெய்தால் துணியில் 3 நிறம். மூன்று நிற நூலில் 6. ஆறு நிற நூலில் 21. நூலின் நிறங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கலப்பு நிறங்கள் தூய நிறங்களை விழுங்கிவிடும், கட்டம் கலங்கிப்போகும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது நெசவாளியின் தீர்ப்பு. அது எந்தக் குலத்தலைவருக்கும் தெரிந்திருக்கவேண்டிய தேவை இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறோம். கறுப்பு 4, சிவப்பு 24, கறுப்பு 24, மஞ்சள் 4. இதில் முதலில் நிற்கும் கறுப்பும் கடைசியில் நிற்கும் மஞ்சளும் திரும்பும் இடங்கள். மஞ்சளைத் தொட்டதும் வரிசை கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி, கறுப்பு 24, சிவப்பு 24 என்று நடந்து மறுபடி நான்கு கறுப்பிழைகளை அடையும். ஒரு சுற்றுக்கு 104 இழைகள். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றே. நம் யாப்பில் மாலைமாற்று என்று ஒன்றைச் சித்திரகவி என்று வியந்து பாடம் நடத்துகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத மலைநாட்டு நெசவாளி அதைக் கம்பளி நூலில், நெடுக்கிலும் குறுக்கிலும் ஒருசேரச் செய்துகொண்டிருந்தார்.

இந்தக் கைவேலை எவ்வளவு பழையது? 1933இல் ஃபால்கிர்க் அருகே, ரோமானியர் கட்டிய அண்டோனைன் சுவருக்கு அண்மையில், ஏறத்தாழ 2000 வெள்ளிக்காசுகள் கொண்ட ஒரு பானை கிடைத்தது. அதனோடு கிடைத்த துணித்துண்டு சாயமேற்றாத கம்பளியின் இரண்டு இயற்கை நிறங்களில் நெய்த கட்டம். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைக் குல டார்டனின் மூதாதை என்று கொண்டாடுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. இருநிறக் கட்டம் உலகில் பல நாடுகளில் உண்டு. ஆனால் கிளென் அஃப்ரிக் சதுப்பிலிருந்து 1980களின் தொடக்கத்தில் எடுத்த துண்டை அப்படி ஒதுக்க முடியாது. அரை மீட்டரைச் சற்றே தாண்டிய நீளமுள்ள கந்தல் அது. கரியமிலக் காலக்கணிப்பு அதனை 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது எனக் காட்டியது. சாயங்களைச் சோதித்தபோது பச்சையில் அவுரி வகைச் சாயம் தென்பட்டது. செயற்கைச் சாயத்தின் தடயமே இல்லை. பல நிறங்களில் பல பட்டைகள் கொண்ட உண்மையான டார்டன். முடிவு வெளியானது 2023இல். 1983இல் எழுதிய ட்ரெவர்-ரோப்பருக்கு இது தெரியாதது குற்றமன்று. இன்றும் 1983இலேயே நின்றுகொண்டிருப்பவர்களை என்னவென்று சொல்வது?

ஆனால் 1703இல் அச்சான ஒரு நூல் எல்லாருக்கும் கிடைத்திருந்தது. ஸ்கை தீவில் பிறந்த மார்ட்டின் மார்ட்டின் மேற்குத் தீவுகளைப் பற்றி எழுதிய வருணனை அது. போர்வைத் துணியின் கட்டம் தீவுக்குத் தீவு வேறுபடும் என்றும், பார்த்தவுடன் ஒருவர் எந்தப் பகுதியினர் என்று ஊகிக்கலாம் என்றும் அவர் எழுதுகிறார். குலத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஊரைப் பற்றித்தான் பேச்சு. ஓரிடத்து நெசவாளியும் ஓரிடத்துச் சாயமும் சேர்ந்தால் அங்கே உடுத்துவது ஒரு சாயலாக இருப்பது இயல்புதானே. அவர் தரும் இன்னொரு செய்தியை நாம் மிகவும் மதிக்கிறோம். அங்குள்ள பெண்கள் கட்டத்தைச் சரியாக அமைப்பதற்காக, ஒவ்வொரு பட்டையிலும் எந்த நிறம் எத்தனை இழை என்பதை ஒரு மரத்துண்டில் குறித்து வைத்துக்கொள்வார்களாம். ஏட்டில் எழுதாத ஒரு மக்களிடம் இருந்த ஏடு அது. டார்டன் போலி என்று எழுதப்பட்ட எந்தத் தமிழ்க் கட்டுரையிலும் இந்த மரத்துண்டை நாம் கண்டதில்லை.

உடுப்பைப் பற்றி நீட்டவேண்டாம். மடிப்பு வைத்துத் தைத்த குட்டைக் கில்ட்டை லங்காஷயரிலிருந்து வந்த இரும்பாலை முதலாளி தாமஸ் ராலின்சன் 1730ஐ ஒட்டி உண்டாக்கினார் என்பது ட்ரெவர்-ரோப்பரின் வாதம். அதை மறுப்போரும் உண்டு. வாதம் முழுதும் சரியென்றே வைத்துக்கொண்டாலும், ராலின்சன் கத்தரித்தது ஏற்கெனவே இருந்த நீண்ட போர்வைத் துணியைத்தான். வேட்டியைக் கால்சட்டையாகத் தைத்தவன் பருத்தியைக் கண்டுபிடித்தவன் ஆகமாட்டான்.

இனிப் பெயருக்கு வருவோம். இங்கே நாமும் ட்ரெவர்-ரோப்பரின் பக்கமே நிற்கிறோம். ஆனால் அவர் பார்த்துச் சிரித்த இடத்தில் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

1746 ஏப்ரல் 16ஆம் நாள் கல்லோடன் சமவெளியில் யாக்கபைட் படை அழிந்தது. அந்தக் கிளர்ச்சியைப் பற்றி டேவிட் மோரியர் தீட்டிய ஓவியத்தில் சண்டையிடும் மலைநாட்டார் எண்மரின் உடம்பில் 20க்கும் மேற்பட்ட வெவ்வேறு டார்டன்களை எண்ணியிருக்கிறார்கள். ஒரே ஆளின் மேற்சட்டை ஒரு கட்டம், கில்ட் ஒரு கட்டம், காலுறை இன்னொரு கட்டம். குல அடையாளம் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை. அதே ஆண்டு வந்த சட்டம் மலைநாட்டு ஆடவரின் உடையைத் தடைசெய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை கடல்கடந்து ஏழாண்டு நாடுகடத்தல். 1782 வரை அது நடப்பிலிருந்தது. மன்னரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தடையில்லை. தன் ஊரில் தன் துணியை உடுத்தினால் குற்றம். பேரரசுக்காகச் சாகப்போகும்போது அதையே உடுத்தலாம். டார்டனின் பிற்கால வரலாறு முழுவதும் இந்த விதிவிலக்கின் வழியாகவே நடந்தது.

கருநீலம், கறுப்பு, பச்சை ஆகிய மூன்றும் கொண்டது படையின் டார்டன். 1739இல் அமைந்த 'பிளாக் வாட்ச்' படைப்பிரிவின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. 1790களில் கார்டன் கோமகன் ஒரு படைப்பிரிவைத் திரட்டியபோது இதே துணியில் ஒரு மஞ்சள் கோடு ஓட்டப்பட்டது. இன்று உலகெங்கும் கார்டன் என்ற பெயருள்ளோர் தம் முன்னோரின் கட்டம் என்று கழுத்தில் சுற்றிக்கொள்வது அதைத்தான். வெள்ளையும் சிவப்பும் ஓட்டியது மக்கென்ஸி ஆயிற்று. அரசாங்கச் சீருடையின்மேல் போட்ட ஒரு கோடு, இரண்டே தலைமுறையில் குலத்தின் தொல்வழக்கமாக மாறிவிட்டது.

இந்தச் சீருடைத் துணிகளைப் பெருமளவில் நெய்து தந்தது பானக்பர்னில் இருந்த வில்சன் குடும்பத்தின் நிறுவனம். தடைச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, 1760களில், மலைநாட்டுக்கு வெளியே தாழ்நாட்டில் தொடங்கப்பட்டது அது. அவர்களுடைய 1819ஆம் ஆண்டு மாதிரிப் புத்தகத்தில் 200க்கும் மேற்பட்ட கட்டங்கள் இழைக்கணக்கோடு உள்ளன. தொடக்கத்தில் பலவற்றுக்கு எண் மட்டுமே இருந்தது; பிறகு ஊர்ப்பெயர், வாங்குபவர் பெயர், கற்பனைப் பெயர் எல்லாம் ஏறின. 1815இல் லண்டனிலிருந்த ஹைலேண்ட் சங்கம் ஒவ்வொரு குலத்தலைவரும் தம் டார்டனில் ஒரு துண்டை முத்திரையிட்டு அனுப்பவேண்டுமென்று கேட்டது. தலைவர்களில் பலருக்குத் தம்முடையது எதுவென்றே தெரியவில்லை. விவரம் கேட்டு வில்சன்களுக்கே எழுதியவர்களும் உண்டு. 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப்பின் ஸ்காட்லாந்தில் கால்வைத்த முதல் ஆட்சி மன்னர் அவர். வால்டர் ஸ்காட் நடத்திவைத்த அந்தத் திருவிழாவில் ஒவ்வொரு தலைவரும் தமக்கொரு கட்டத்தோடு வந்து நிற்க நேர்ந்தது. தறிகள் இரவு பகலாக ஓடின. மன்னரும் கில்ட் அணிந்து, தோல்நிற இறுக்க உடையைக் காலில் மாட்டிக்கொண்டு வந்தார். ஓவியர் வில்கி பிறகு அதை நாகரிகமாக மறைத்தார். இது பலமுறை சொல்லிச் சிரித்து முடித்த கதை.

நமக்குச் சிரிப்பு வராத இடம் எண் 155. ட்ரெவர்-ரோப்பரே தரும் தகவல்தான் இது. மக்பெர்ஸன் தலைவருக்கு உரியதெனத் தரப்பட்ட கட்டம் அதற்கு முன்பு 'கிட்' என்ற பெயரில் இருந்தது. கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்த தம் அடிமைகளுக்கு உடுத்த அதை மொத்தமாக வாங்கியவர். அதற்கும் முன்பு அது வெறும் எண் 155. இதைக் கட்டுரையாளர்கள் ஒரு நகைச்சுவைத் துணுக்காக மேற்கோள் காட்டுகிறார்கள்: பாருங்கள், அடிமைக்குப் போன துணி தலைவருக்குக் குலச்சின்னமாயிற்று! நாம் கேட்பது, அந்தத் துணியை முதலில் உடுத்தியவர்கள் யார்? எந்தத் தோட்டத்தில்? எண்ணுக்கும் மக்பெர்ஸனுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான உடம்புகள் இருந்திருக்கவேண்டும். தலைவரின் போலிப் பெருமையைத் தோலுரிப்பவர், அந்த உடம்புகளைத் தாண்டிக்கொண்டு தலைவரிடமே ஓடுகிறார். மரபைப் புனைந்தவர்களும் மேட்டுக்குடியினர். புனைவை உடைப்பவர்களுக்கும் கண்ணில் படுவது மேட்டுக்குடியினர் மட்டுமே.

அட்லாண்டிக்கின் அதே வணிகப் பாதையில் நம் கரையின் துணியும் சென்றது; ஆகவே இங்கே ஒரு சொல். சோழமண்டலக் கரையில் நெய்த பருத்திக் கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போயிற்று. நைஜீரியக் கழிமுகத்துக் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்றழைத்து இன்றும் போற்றுகிறார்கள். செயிண்ட் லூசியா, டொமினிக்கா பெண்களின் தேசிய உடையில் 'மெட்ராஸ்' என்பது துணியின் பெயர். இந்த மெட்ராஸ் கட்டங்களே ஸ்காட்டியப் படைவீரர்களின் டார்டனைப் பார்த்து நம் நெசவாளர்கள் நகலெடுத்தவை என்று நாகரிக உடை பற்றி எழுதுவோர் சளைக்காமல் எழுதுகிறார்கள். மக்லியோடின் ஹைலேண்டர் படை மெட்ராஸில் இறங்கியது 1780இல். சோழமண்டலத்துக் கட்டத் துணி கப்பலேறிக்கொண்டிருந்தது பதினேழாம் நூற்றாண்டிலேயே. நெசவின் முறையும் வேறு: அது கம்பளி, சாய்ந்த வரி, இது பருத்தி, ஒன்று மேல் ஒன்று கீழான சாதா நெசவு, பாவின் வரிசையே ஊடையிலும் வரவேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை. பிற்காலத்தில் சில கட்டங்களில் டார்டனின் சாயல் ஏறியிருக்கலாம். ஆனால் ஒரு கட்டத்தைக் கண்டவுடன் தளபதியையோ தலைவரையோ தேடுவதும், தறியில் அமர்ந்தவரை நகலெடுப்பவராக மட்டுமே காண்பதும் அதே பழக்கந்தான்.

பெயர் பின்னால் வந்ததாலேயே பொருள் போலியாகிவிடாது என்பதைத் தமிழ் படித்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியிருப்பது வியப்பு. குறுந்தொகையில் புலவரின் பெயர் கிட்டாத பாடல்களுக்கு, பாட்டிலுள்ள தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயர் சூட்டினார்கள் தொகுத்தவர்கள். செம்புலப்பெயனீரார் என்று ஒருவருக்கு அவர் தாய் பெயர் வைக்கவில்லை. அதனால் அந்தப் பாட்டு தொகுத்தவரின் மோசடி என்று எவரும் எழுதியதில்லை.

மோசடி என்று உண்மையிலேயே சொல்லத்தக்கது ஒன்று உண்டு. இளவரசர் சார்லஸின் பேரர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சோபியெஸ்கி ஸ்டூவர்ட் சகோதரர்கள், பதினாறாம் நூற்றாண்டுச் சுவடியிலிருந்து பெயர்த்தது என்று கூறி 1842இல் 'வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்' என்னும் நூலை வெளியிட்டார்கள். 75 டார்டன்கள் அதில் உள்ளன. சுவடியை எவரும் கண்டதில்லை. வால்டர் ஸ்காட் தம் காலத்திலேயே ஐயுற்றார். ஆனால் அந்தக் கட்டங்களில் பல இன்றுவரை நெய்யப்பட்டு வருகின்றன. 180 ஆண்டுகளாகத் தறியில் ஓடும் ஒரு வரிசையை என்னவென்று சொல்வது? நூல் பொய், அதன் காலமும் பொய், நெய்தவரின் உழைப்பு பொய்யன்று. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாத விமர்சனத்தை நாம் விமர்சனம் என்று ஏற்கவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. ட்ரெவர்-ரோப்பரின் டார்டன் கட்டுரை வந்த அதே 1983இல், ஏப்ரல் மாதத்தில், ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று விற்பனைக்கு வந்த கட்டுக்கட்டான ஏடுகளை உண்மையானவை என்று லண்டன் டைம்ஸில் எழுதியவரும் அவரே. விரைவிலேயே அவருக்கு ஐயம் வந்தது. மே மாதத் தொடக்கத்தில் ஜெர்மானிய ஆவணக் காப்பகத்தின் சோதனை அவை போலி என்று காட்டியது. அவரை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. அங்கே உண்மையைச் சொன்னது தாளும் மையும் பசையும். அந்த ஏடுகள் எப்படிக் கிடைத்தன என்ற கதையும் அவற்றின் குவியலும் அறிஞரை மயக்கின. டார்டனிலும் அவர் கதையைத்தான் சோதித்தார், நூலையன்று.

நிறங்களைப் பற்றியும் இதே கோளாறு இரு தரப்பிலும் உண்டு. பச்சை காட்டைக் குறிக்கும், நீலம் ஏரியைக் குறிக்கும், சிவப்பு போரின் குருதி என்று விற்பனைச் சீட்டுகளில் அச்சடிக்கிறார்கள். மலைநாட்டுச் சிவப்பின் கணிசமான பகுதி மெக்சிகோவிலிருந்து வந்த கொச்சினீல் பூச்சியின் சாயம். நீலத்துக்கு அவுரி இறக்குமதியாயிற்று. ஆளுயர மலைகளின் நடுவே இருந்தவர்கள் உலகச் சந்தையோடு நிறம் வாங்கியவர்கள். பாறையில் படரும் மரப்பாசி வகையிலிருந்து காய்ச்சிய பழுப்பு அவர்களுக்குச் சொந்தம். இன்று கடைக்குப் போனால் ஒரே டார்டன் 'மாடர்ன்' என்றும் 'ஏன்ஷியண்ட்' என்றும் 'வெதர்ட்' என்றும் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செயற்கைச் சாயங்கள் தந்த அடர்நிறத்துக்குப் பெயர் மாடர்ன். இருபதாம் நூற்றாண்டில், பழைய சாயத்தின் வெளிறலைப் போலச் செய்ததற்குப் பெயர் ஏன்ஷியண்ட். அதாவது 'தொன்மை' 'நவீனத்துக்கு'ப் பிந்தியது. நல்ல வேடிக்கைதான். ஆனால் இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: மூன்றும் ஒரே டார்டனாகவே கருதப்படுகின்றன. ஏனெனில் இழைக்கணக்கு சிவப்பு என்று சொல்லும். எந்தச் சிவப்பு என்று கட்டாயப்படுத்தாது. டார்டனின் அடையாளம் வரிசையிலும் விகிதத்திலும் இருக்கிறது. சாயத்தின் அடர்த்தி சாயக்காரரின் கைக்கு விடப்பட்டது.

2008இல் ஸ்காட்டிய நாடாளுமன்றம் இதற்கொரு சட்டமே இயற்றி, 2009 பிப்ரவரியில் டார்டன் பதிவேட்டைத் தொடங்கியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிறப்பட்டைகள் நெடுக்கும் குறுக்குமாகச் சேர்ந்து மீண்டும் மீண்டும் வரும் கட்டமாக, நெய்யத்தக்கதாக இருக்கவேண்டும் என்பதே அதன் வரையறை. குலம் என்ற சொல் வரையறையில் இல்லை. பதிவேட்டில் சீக்கியர், யூதர், இஸ்லாமியர் எனப் பலருக்கும் டார்டன் உண்டு. 2025இல் பதிவானவற்றுள் ஒன்று, சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவாக இருவர் முன்னெடுத்தது. கறுப்பும் சாம்பலும் அந்த இருண்ட காலத்துக்கும் எரிந்தவர்களின் சாம்பலுக்கும்; சிவப்பு குருதிக்கு; இளஞ்சிவப்பு வழக்குக் கட்டுகளைக் கட்டிய நாடாவுக்கு. சூனியச் சட்டம் வந்த 1563ஐயும் அது நீங்கிய 1736ஐயும் இழைகளின் எண்ணிக்கைக்குள் வைத்திருக்கிறார்கள். மேலே நாம் கேலிசெய்த நிறப்பொருள் விளக்கம்தானே இது என்று கேட்கலாம். இல்லை. அங்கே பழைய துணியின்மேல் பொருளை ஒட்டினார்கள். இங்கே பொருளை முதலில் எண்ணி, அதன்படி பாவு ஓட்டினார்கள். புதிது என்று சொல்லிக்கொண்டே வந்த புதிது இது. இதையும் புனைந்த மரபு என்று ஒதுக்குகிறவர்கள், கொல்லப்பட்டவர்களுக்கு வேறெந்த நினைவுச் சின்னத்தைப் பழைமைச் சான்றிதழோடு தரப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

கிளென் அஃப்ரிக் கந்தல் 2023இல் டண்டீ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதற்குக் குலப்பெயர் சூட்ட எவரும் துணியவில்லை. கிடைத்த இடத்தின் பெயரே அதன் பெயர். வெளியில் வேலைசெய்த எவரோ உடுத்திய துணியாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அடுத்த ஆண்டு அதைப்போலவே புதிதாக நெய்தபோது, சதுப்பு தின்றுவிட்ட பச்சையையும் பழுப்பையும் சிவப்பையும் மஞ்சளையும் மறுபடி கண்டடையவேண்டியிருந்தது. அதற்கு முன்பாக அவர்கள் செய்தாகவேண்டியிருந்தது, 1703இல் மார்ட்டின் கண்ட பெண்கள் மரத்துண்டை வைத்துச் செய்த அதே வேலையை: ஒவ்வொரு பட்டையிலும் எத்தனை இழை என்று எண்ணுவது.